ஆடிக் காத்துல காத்தாடி... இழுத்தா பின்னால சாயாதீங்க, முன்னால ஓடுங்க!

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். மாலை நாலேகால் மணி. என் காத்தாடி சரியாக ஆறு விநாடி பறந்தது. ஏழாவது விநாடி மூக்கைக் கீழே திருப்பி, அம்பு மாதிரி வந்து மணலில் குத்தியது. சோளம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா விசிறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் காத்தாடியைப் பார்த்தேன். என் பெரியப்பா மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மயிலாப்பூர்க்காரர். எழுபதுகளில் பட்டினப்பாக்கம் மணலில் காத்தாடி விட்டு வளர்ந்தவர். நான் தி.நகர் ஃபிளாட்டில் வளர்ந்தவள். எனக்குக் காத்தாடி என்றால் 2010-ல் அதர்வா அறிமுகமான `பாணா காத்தாடி' படம், அப்புறம் வருஷா வருஷம் எங்கள் டெஸ்க்குக்கு வரும் `மாஞ்சா நூல் அறுத்து...' என்று தொடங்கும் செய்தி. அவ்வளவுதான்.

இந்த முறை நான் எடுத்துப்போனது பாணா இல்லை. `ஸ்போர்ட் கைட்' என்று விற்கிறார்களே, இரண்டு நூல் காத்தாடி. முக்கோண வடிவம், இறக்கைக்கு இறக்கை நாலடி. எளிதில் கிழியாத ரிப்ஸ்டாப் நைலான் துணி, உள்ளே ஃபைபர் குச்சிகள். வலது கையில் ஒரு நூல், இடது கையில் ஒரு நூல். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். சைக்கிள் ஹேண்டில் மாதிரி. இதில் யாரையும் `டீல்' போட்டு அறுக்க வேண்டியதில்லை. வட்டம் அடிக்கலாம், எட்டு போடலாம், தரையை உரசிக்கொண்டு ஓடவிடலாம். ஆட்டமே காற்றோடுதான்.

நூலால் இறக்கையைத் திருப்பும் இந்த யோசனைக்கு விமானத்தோடு சொந்தம் உண்டு. 1899-ல் ரைட் சகோதரர்கள் மனிதர் ஏறும் விமானம் செய்வதற்கு முன், ஐந்தடி அகலக் காத்தாடி ஒன்றைச் செய்தார்கள். இரண்டு குச்சிகளில் கட்டிய நான்கு நூல்களால் அதன் இறக்கையை முறுக்கி, திரும்புகிறதா என்று பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு இலக்காக இரண்டு நூல் காத்தாடிகளை ஆட்டிக்காட்டியது. 1972-ல் இங்கிலாந்தின் பீட்டர் பவல் அதைச் சாதாரண மக்கள் வாங்கும் விளையாட்டுப் பொருளாக்கினார்.

சரி, என் காத்தாடி ஏன் ஆறே விநாடியில் விழுந்தது?

``ஏம்மா, காத்து உன்னைவிடப் பெரிய ஆளு. அதோட கயிறு இழுக்குற போட்டி எதுக்கு?'' என்றார் பெரியப்பா. அவர் வாழ்நாளில் இரண்டு நூல் காத்தாடியைத் தொட்டதில்லை. ஆனால், பிரச்னை அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

எந்தக் காற்று நல்ல காற்று?

சென்னையில் ஆடி மாதம் இரண்டு காற்று உண்டு. காலையில் மேற்கிலிருந்து வருவது தரைக்காற்று. மீனவர்கள் `கச்சான்' என்பார்கள். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாள்களில் கடற்காற்று தாமதமாகும். சில நாள்களில் உள்ளே வராமலே போய்விடும். நாம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, `இன்னிக்கு என்ன புழுக்கம்' என்று புலம்புவது அந்த நாள்களில்தான்.

காத்தாடிக்கு இரண்டும் ஒன்றல்ல. மேற்குக் காற்று, வேளச்சேரியையும் அடையாறையும் தாண்டி, பெசன்ட் நகர் அபார்ட்மென்ட்கள் மேல் முட்டி மோதி வருகிறது. கட்டடத்துக்குப் பின்னால் காற்று சுழலும். ஒரு நொடி இழுக்கும், மறுநொடி செத்துப்போகும். கடற்காற்றுக்கு வழியில் எந்தத் தடையும் இல்லை. சீராக வரும். மொட்டைமாடியில் காத்தாடி விடக்கூடாது என்பதற்கு, கால் தவறி விழும் ஆபத்தோடு இந்தச் சுழற்காற்றும் ஒரு காரணம்.

ஆனால், கடற்காற்றில் ஒரு சிக்கல். காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நாம் நிற்க வேண்டும். அதாவது கடலுக்கு முதுகு, சாலைக்கு முகம். காத்தாடி பறப்பது ஜனங்கள் நடக்கும் பக்கம். நூல் 25 மீட்டர் என்றால் அந்த 25 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது. அதற்கு அப்பாலும் அதே அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். மெரினா அளவுக்கு எலியட்ஸ் அகலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அங்கே இதைச் செய்ய நினைப்பதே தப்பு. வார நாளில், வெயில் சுள்ளென்று இருக்கும் மூன்று, நாலு மணிக்கு, கடைகளைவிட்டுத் தள்ளிப் போங்கள். அலையின் ஈர மணலுக்குச் சற்று இந்தப் பக்கம் நில்லுங்கள்.

காலை மேற்குக் காற்றில் ஜனத்தொந்தரவு இருக்காது; காத்தாடி கடல் மேல் பறக்கும். அதில் வேறு ஆபத்து. நூல் அறுந்தால் அதை எடுக்கச் சின்னப் பையன்கள் தண்ணீருக்குள் ஓடுவார்கள். எலியட்ஸ் பீச்சின் அடையாளமாக நாம் செல்ஃபி எடுக்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-ல் இந்தக் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது. காத்தாடி போனால் போகட்டும்.

எவ்வளவு வேகம் சரி? மணிக்கு 12 முதல் 20 கிலோமீட்டர் கற்றுக்கொள்ள ஏற்றது. காகிதக் கப்புகள் மணலில் ஓடி, கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. கடல் முழுக்க வெள்ளைக் குதிரைகள் ஓடி, மணல் துகள் கணுக்காலில் குத்தினால், 30-க்கு மேல். புதிதாகக் கற்பவர்கள் அங்கேயே பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். செல்போன் ஆப்கள் சில நேரம் `நாட்' கணக்கில் காட்டும்; ஒரு நாட் என்பது 1.85 கிலோமீட்டர்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், காத்தாடியின் இழுவை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் காற்றில் ஐந்து கிலோ அரிசிப் பை மாதிரி இழுக்கும் காத்தாடி, 30-ல் இருபது கிலோ மூட்டையாகிவிடும். நாம் `கொஞ்சம் காத்து ஏறியிருக்கு' என்று நினைக்கும்போது, நம் கைக்கு அது கொஞ்சமாக இருக்காது.

சூத்திரம் எங்கே இருக்கு?

காத்தாடியின் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, ஓர் இடத்தில் சேரும் நூல்களுக்குச் சென்னையில் பெயர் `சூத்திரம்'. யாழ்ப்பாணத்தில் `முச்சை'. நாம் பிடிக்கும் நூல் அந்தச் சேரும் இடத்தில்தான் கட்டப்படுகிறது. அந்த முடிச்சு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காத்தாடியின் குணம் மாறிவிடும்.

மூக்குப் பக்கம் நகர்த்தினால், காத்தாடி காற்றில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், இழுவை குறையும். வால் பக்கம் நகர்த்தினால், நெஞ்சை நிமிர்த்திக் காற்றை முழுசாக வாங்கும், இழுவை ஏறும். ஒற்றை நூல் காத்தாடிக்குக் காற்று பலமான நாளில் முடிச்சை மேலே, மூக்குப் பக்கம் ஏற்றுவது பழைய வழக்கம். கூடவே வாலையும் நீளமாக்குவார்கள். பெரியப்பா காலத்தில் பழைய வேட்டிக் கிழிசல்தான் வால். ரொம்ப மேலே ஏற்றிவிட்டால் துணி படபடவென்று அடித்து, நூல் தொய்ந்து, காத்தாடி தலைகுப்புற வரும். அப்போது ஒரு பொட்டு கீழே இறக்க வேண்டும்.

இரண்டு நூல் காத்தாடிக்கு வலம், இடம் என்று இரண்டு சூத்திரம். கம்பெனிக்காரர்கள் ஓர் இடத்தில் கோடு போட்டுத் தருவார்கள். முதல் நாள் அதைத் தொடவே வேண்டாம். நகர்த்தினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர். நகர்த்துவதற்கு முன் பேனாவால் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை. பிறகு அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளந்தேன்.

பலமான காற்றுக்கு என்றே துணியில் ஜன்னல் வெட்டி வலை தைத்த காத்தாடிகள் இருக்கின்றன. காற்றில் பாதி அந்த வலை வழியே போய்விடும். இருக்கிற காத்தாடிக்கே வால் கட்டினாலும் வேகம் தணியும். அழகு குறைகிறது என்று சிலர் கட்ட மாட்டார்கள். எனக்கு என் தோள்பட்டை முக்கியம்.

சூத்திரத்தைவிட நான் அதிகம் திண்டாடியது நூலின் நீளத்தில். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் வித்தியாசம் இருந்தாலே, நாம் கையை நேராக வைத்திருக்கும்போதும் காத்தாடி ஒரு பக்கமாகச் சுற்றும். `நான் சரியாத்தான் பிடிக்கிறேன், அது ஏன் திரும்புது?' என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மணலில் ஒரு குச்சியை நட்டு, இரண்டு நூல் நுனியையும் அதில் மாட்டி, கைப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் தெரிந்துவிடும். பருத்திக் கயிறு இழுக்க இழுக்க நீளும் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

ஆமாம், பருத்திக் கயிறு. காத்தாடியோடு வந்த செயற்கை இழை நூலை நான் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

அந்த நூல் ஏன் வேண்டாம்?

2019 நவம்பரில் வட சென்னையில், அப்பாவோடு பைக்கில் வந்துகொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை, மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்தது. அதற்கு முன்னும் சாவுகள் உண்டு. கண்ணாடித் தூளும் பசையும் தடவிய நூல் தெருவில் குறுக்கே தொங்கினால், வண்டியில் வருபவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், நைலான் உள்ளிட்ட செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது. சென்னை போலீஸும் மாஞ்சாவுக்கு எதிராகத் தடை உத்தரவுகளைத் தொடர்ந்து போட்டுவருகிறது.

ஸ்போர்ட் கைட்டோடு வரும் நூலில் கண்ணாடித் தூள் கிடையாது. ஆனால் அதுவும் செயற்கை இழைதான். விறைப்பாக நிற்கும்போது கைவிரலை அறுக்கும்; குறுக்கே ஓடி வரும் குழந்தையின் கழுத்தையும் அறுக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் ஆளில்லாத புல்வெளியில் விடுகிறார்கள். நம் பீச்சில் பலூன் வாங்கிய குழந்தை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால், இரண்டு மில்லிமீட்டர் பின்னல் பருத்திக் கயிறு வாங்கினேன். தடிமன் அதிகம், தூரத்திலிருந்தே தெரியும். காற்றில் கனக்கும்தான், ஆனால் பலமான காற்றுக்கு அதைத் தூக்கும் தெம்பு உண்டு. ஒரு குறை: காத்தாடி ஒரே பக்கமாக இரண்டு, மூன்று சுற்று சுற்றினால் நூல்கள் முறுக்கி இறுகிவிடும். செயற்கை நூல் வழுக்கும், இது வழுக்காது. வலப்பக்கம் சுற்றியதை இடப்பக்கம் சுற்றி எடுக்க வேண்டும்.

பீச்சில் ரோந்து வந்த காவலரிடம் முதலிலேயே போய்க் காட்டினேன். கயிற்றை விரலால் உரசிப் பார்த்துவிட்டு, கூட்டம் சேருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார். நீங்களும் கேட்டுக்கொண்டு விடுவது நல்லது. அப்புறம் ஒரு சுவாரஸ்யம்: 1934-ம் வருட விமானச் சட்டத்தில் `விமானம்' என்ற சொல்லுக்கான விளக்கத்தில் பலூன், கிளைடரோடு காத்தாடியும் இருந்தது. தொண்ணூறு வருடம் நம் ஊர் பையன்கள் எல்லாரும் லைசென்ஸ் இல்லாத பைலட்கள்.

முதல் தப்பு, முதல் பாடம்

என் முதல் முயற்சிக்கு வருவோம். அண்ணன் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே 25 மீட்டர் தள்ளி நின்றான். நான் தலையாட்டியதும் விட்டான். அது ராக்கெட் மாதிரி கிளம்பியது. கை சாக்கெட்டிலிருந்து கழன்றுவிடும் போல ஓர் இழுப்பு. பயத்தில் பின்னால் சாய்ந்து, வலது கையை மட்டும் இழுத்துவிட்டேன். வலப்பக்கம் திரும்பி, முழு வேகத்தில் தரைக்கு வந்தது.

இதில் இரண்டு தப்பு. காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் நமக்கு முன்னால், ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே 12, இடக்கைப் பக்கம் 9, வலக்கைப் பக்கம் 3. கடிகாரத்தின் நடுவில், அதாவது நமக்கு நேர் எதிரில், இழுவை மிக அதிகம். ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். உச்சியிலும் குறைவு. லேசான காற்றில் நடுவிலிருந்து கிளப்பலாம். பலமான காற்றில் ஓரத்திலிருந்து, 9 அல்லது 3-க்குப் பக்கத்திலிருந்து கிளப்ப வேண்டும். இறக்குவதும் அப்படியே. ஓரத்துக்குக் கொண்டுபோனால் தானே தெம்பிழந்து உட்காரும்.

இரண்டாவது தப்பு, பின்னால் சாய்ந்தது. உடம்பு இயல்பாகச் செய்வது அதுதான். யாராவது இழுத்தால் நாம் எதிர்ப்பக்கம் இழுப்போம். ஆனால், நாம் பின்னால் போனால் காத்தாடிக்குக் கிடைக்கும் காற்று கூடுகிறது. காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்போது, நாம் காத்தாடியை நோக்கி 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், அதற்குக் கிடைப்பது 20-தான். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால், முன்பு சொன்ன கணக்குப்படி இழுவை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். விழப்போகிறது என்று தெரிந்தால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அதை நோக்கி நாலு அடி ஓடுங்கள். நூல் தொய்யும், காத்தாடி வேகம் செத்து, இலை மாதிரி விழும். குச்சி உடையாது. யார் மேலும் குத்தாது.

பெரியப்பா சொன்னதும் இதைத்தான். அவர் காலத்து மொழியில், `இழுக்குறப்ப நூலை விடு, தொய்யுறப்ப இழு.'

அடுத்து ஒன்று, எத்தனை தடவை சொன்னாலும் போதாது. நூலை உள்ளங்கையில் சுற்றாதீர்கள். பருத்தியானாலும் சரி. குழந்தைகள் கையில் பலமான காற்றில் இந்தக் காத்தாடியைக் கொடுக்காதீர்கள். பயந்துபோய் இரண்டு கைப்பிடியையும் ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. அது உருண்டு, புரண்டு யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

காற்றின் தெம்பை நம் ஆட்களில் யாரைக் கேட்கலாம் என்றால், வல்வெட்டித்துறைக்காரர்களைத்தான். தைப்பொங்கல் அன்று அங்கே உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். வாடைக் காற்று காலம். டிராகன், கப்பல் என்று பெரிய பெரிய விசித்திரப் பட்டங்களைக் குழுவாகச் சேர்ந்து ஏற்றுவார்கள். கொக்கு, எட்டுமூலை, படலம் என்று பட்டங்களுக்கு அவர்களிடம் தனிப் பெயர்கள் உண்டு. `விண்' பூட்டி, ராத்திரி முழுக்க வானத்தில் கூவவிடுவார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் 2021 டிசம்பரில் அந்தச் சம்பவம் நடந்தது. பருத்தித்துறைப் பகுதியில் சில இளைஞர்கள் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவர் பட்டத்தோடு மேலே போய்விட்டார். கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது. உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். நல்லவேளை, பட்டம் தாழ்ந்தபோது கயிற்றை விட்டு, பெரிய காயமில்லாமல் தப்பினார். தலைமுறை தலைமுறையாகப் பட்டம் ஏற்றும் ஊரிலேயே இப்படி. பெரிய காத்தாடி என்றால் கயிற்றை ஆள் பிடிக்கக் கூடாது. தரையில் ஊன்றிய கட்டையிலோ, மணல் மூட்டையிலோ கட்ட வேண்டும்.

பக்கத்தில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, தமிழ்நாட்டு சர்வதேசக் காத்தாடித் திருவிழா இருக்கிறது. செஸ் ஒலிம்பியாட் முடிந்த சூட்டோடு, 2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை மாமல்லபுரத்தில் முதல்முறை நடந்தது. 2024-ல் கோவளத்தை ஒட்டிய திருவிடந்தைக்கு மாறியது. வெளிநாட்டுக் கலைஞர்கள் ராட்சதக் காத்தாடிகளை எப்படிக் கட்டிவைக்கிறார்கள் என்று அங்கே போனால் தரையைப் பாருங்கள். எல்லாரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது முறை நான் ஓரத்திலிருந்து கிளப்பினேன். மூக்குப் பக்கம் அரை சென்டிமீட்டர், மூன்றடி ரிப்பன் வால். ஏறியது. இழுத்தபோது முன்னால் நடந்தேன், தொய்ந்தபோது பின்னால் வந்தேன். பீச்சில் ஏதோ நடனம் ஆடுவது மாதிரிதான் இருந்திருக்கும். சோள அக்கா இந்தத் தடவை விசிறியை நிறுத்தவில்லை. பதினொரு நிமிஷம் பறந்தது, அண்ணன் போனில் டைம் பார்த்திருக்கிறான்.

பிறகு பெரியப்பா கைப்பிடிகளை வாங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றார். முதல் நிமிஷம் அது அவர் சொன்னபடி கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் கேட்டது. ஐந்தே முக்காலுக்கு ஜனம் சேர ஆரம்பித்ததும், ``போதும் பெரியப்பா, இறக்கிடலாம்'' என்றேன். ``இரு, இன்னும் ஒரு எட்டு'' என்றார்.

இறக்கிவிட்டு, கயிற்றைச் சுற்றும்போது மணலில் வேறு யாரோ விட்டுப்போன பழைய நூல் சிக்கியது. அதையும் கால்வாசி தூரம் தேடி எடுத்துச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டோம். காக்கா காலில் மாட்டும். தை, மாசியில் இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் ஆகாது.

ஆட்டோவில் திரும்பும்போது பெரியப்பா கேட்டார், ``அடுத்த புதன்கிழமை காத்து எப்படின்னு உன் போன்ல போட்டிருக்கா?''

பார்த்தேன். ஏழு நாட்.

``போதாது'' என்றார்.